பதினான்கு முறை நீட்டிய கை

சனிக்கிழமை, பிற்பகல்
விடுதி அறை, மூன்றாவது மாடி

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். அறை சுத்தமாக இருக்கிறது. குழாயில் வெந்நீர் வருகிறது. நீ கேட்கப்போகும் முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. மூன்றாவது கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே பேசலாம்தான். ஆனால் போனில் நீ 'ம்' கொட்டுவாய். ஹாஸ்டல் வார்டனின் 'ம்'. அதைக் கேட்டதும் நான் எதையாவது முடிவு செய்துவிடுவேன். காகிதம் 'ம்' கொட்டாது. அதனால் காகிதம்.

அவர் தூங்குகிறார். எந்த ஊருக்குப் போனாலும் இரண்டு மணிக்கு அவருக்குக் கண் செருகிவிடும். பல வருடங்களாகக் காலை ஷிப்ட் பஸ் ஓட்டிய உடம்பு. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். ஜன்னலுக்குக் கீழே டிராம் போகும்போதெல்லாம் வலது கால் மட்டும் அசைகிறது. தூக்கத்திலும் பிரேக்.

ஊரைச் சொல்கிறேன். நேற்று மணிக்கூண்டு பார்த்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு படி. மேலே காற்று. பிறகு அருங்காட்சியகம். ஒரு பெரிய கூடத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. நான் வாய் பிளந்து நின்றேன். அவர் ஒரு விலா எலும்பை மட்டும் வெகு நேரம் பார்த்துவிட்டு, "பஸ் பாடி கட்டுற பட்டறையில இதே மாதிரிதான் இருக்கும், தகரம் மட்டும்தான் பாக்கி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படிச் சிரிக்க வைக்கிற மனிதரைப் பற்றித்தான் உனக்கு எட்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதும் அதே நொடியில் நினைவு வந்தது.

இன்று காலை ஆற்றங்கரை, பாலம், பழைய புத்தகக் கடைகள். பாலத்தின் நடுவில் நின்று படகுகளைப் பார்த்தோம். ஒரு படகில் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரின் மேல் வீடு. நமக்கு ஏன் இது தோன்றவில்லை என்று கேட்டேன். "உனக்கு நீச்சல் தெரியாது, எனக்கு நிக்கிற வண்டி பிடிக்காது" என்றார்.

சரி. மூன்றாவது கேள்வி.

நீ சொன்னாய்: "ரெண்டு நாள் வெளியூர் போ. வேலையும் இல்ல, வீடும் இல்ல, வேற யாரும் இல்ல. அங்கயும் அவர் உன்னைத் திரும்பிப் பாக்கலைன்னா கிளம்பி என்கிட்ட வா. ஒரு கட்டில் போட்டு வைக்கிறேன்." நீ கோபத்தில் சொன்னாய். நான் அதை ஒரு சோதனையாக எடுத்துக்கொண்டேன். என் தொழில் அப்படி. நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, இது தெரிகிறதா, இது தெரிகிறதா என்று கேட்கிறவள் வேறு என்ன செய்வாள்.

சோதனை இதுதான். குரல் கொடுக்கக் கூடாது. பேசினால் அவர் பதில் சொல்கிறார், ஜோக்கும் அடிக்கிறார், அது கணக்கில்லை. வாயைத் திறக்காமல் கையை நீட்ட வேண்டும். நடக்கும்போது, படி இறங்கும்போது, சாலை கடக்கும்போது. பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால் தவறு.

அற்பத்தனம்தான். தெரியும். ஆனால் இந்த எட்டு மாதத்தில் என்ன நடந்தது என்று நீயே பார். புதுப் புடவை கட்டிக்கொண்டு கதவருகே நின்றால் தாண்டிப் போகிறார். தண்ணீர் டம்ளரை நீட்டினால் அது அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. போன மாதம் கடை வாசல் நிறுத்தத்தில் அவருடைய பஸ்ஸுக்காகவே காத்து நின்றேன். பஸ் வந்தது. நிறுத்தினார். முன்கதவுக்குப் பக்கத்தில் நின்று கை ஆட்டினேன். பயணிகள் ஏறினார்கள். நேராகப் பார்த்துக்கொண்டே எடுத்துக்கொண்டு போனார். ஏறின ஒரு அம்மாள் பாவப்பட்டு எனக்குக் கை ஆட்டினாள்.

ஏதோ மனக்கஷ்டம் என்றுகூட நினைத்தேன். டிப்போவில் அவருக்கு இரண்டு மெமோ. பஸ்ஸின் இடப்பக்கக் கண்ணாடி இந்த வருடம் இரண்டு முறை உடைந்துவிட்டது. லாரிக்காரன் இடித்தான் என்றார். மறுமுறை மரக்கிளை என்றார். இருக்கலாம்.

கடையின் மருந்துச்சீட்டு அட்டை ஒன்றைக் கைப்பையில் கொண்டுவந்திருக்கிறேன். அதில் குறித்துக்கொள்கிறேன். நேற்று எட்டு, இன்று காலை ஆறு. ஆக, பதினான்கு முறை கையை நீட்டியிருக்கிறேன். ஐந்து முறை பிடித்தார். ஒன்பது முறை பிடிக்கவில்லை. கை நழுவவும் இல்லை, உதறவும் இல்லை. கை என்று ஒன்று அங்கே இல்லாதது போல.

பாலத்தில் நீட்டியதுதான் கடைசி. பார்த்தார். நிச்சயமாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அதற்கு மேல் எண்ண வேண்டாம் என்று அட்டையை மூடிவிட்டேன்.

எங்கள் கடையில் பதினான்கில் ஐந்துதான் தெரிகிறது என்றால் டாக்டரிடம் அனுப்புவோம். இதற்கு எந்த டாக்டர் என்று தெரியவில்லை. நீதான்.

நாளை மலை. ரயிலில் இரண்டு மணி நேரம், பிறகு நாள் முழுக்க நடை. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, இவருக்கும் ஆசை. போய்விட்டு வந்து சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, குடிக்கவில்லை, ஆனால் ஒன்பது முறை என்றா?

கட்டிலைப் போட்டு வை, அக்கா. செவ்வாய்க்கிழமை ரயிலில் வருகிறேன். கீழே தெருமுனையில் தபால் பெட்டி இருக்கிறது. அவர் எழுவதற்குள் இதைப் போட்டுவிட வேண்டும். எழுந்துவிட்டால் போடமாட்டேன்.

உன்னிடம் வரப்போகும்,
தங்கை


ஞாயிற்றுக்கிழமை, மாலை
ரயிலில்

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து ஆடுகிறது. ரயில் ஆடுகிறது.

நேற்று ஒரு கடிதம் போட்டேன். அது இதற்கு முன்னால் வந்து சேரும். உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அதைப் பிரிக்காதே. இந்தக் கடிதம் கிடைக்கும்போது அதை ஏற்கெனவே பிரித்திருப்பாய். எதற்கு இதை எழுதுகிறேன் என்றே புரியவில்லை. பிரித்திருந்தால், படித்ததை மறந்துவிடு. மறக்க முடியாவிட்டால், இதையும் கூடவே வைத்துப் படி.

வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

காலை ஏழரைக்கு மலையடி ஸ்டேஷனில் இறங்கினோம். ஒரே ஒரு பிளாட்பாரம், ஒரு பெஞ்சு, ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். சுவரில் மலையின் வரைபடம் மாட்டியிருந்தது. போக நான்கு மணி நேரம், வர மூன்று. பாறைகளில் மஞ்சள் அம்பு போட்டிருக்கும், அம்பைவிட்டு விலகாதீர்கள் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "அஞ்சு பத்துக்கு வண்டி. அதை விட்டா நாளைக்குத்தான். இந்த பெஞ்சு நல்லாத்தான் இருக்கும், ஆனா கொசு" என்றார். இவர் தன் டிரைவர் கார்டை எடுத்துக் காட்டி, நேரத்துக்கு வருவது எங்கள் தொழில் என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் கார்டைப் பார்த்துவிட்டு, "பஸ்தானே" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

இவர்தான் முன்னால் நடந்தார். வழக்கம்போல. முதல் ஒரு மணி நேரம் மரங்கள், நிழல், ஈரமண். பிறகு பாறை. எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு வாங்கவில்லை. ஆனால் நிறையத் தடுமாறினார். ஒரு கிளை இடது தோளில் அறைந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. "இந்த மலைக்கு என்மேல ஏதோ கோபம்" என்றார். அந்தத் தோளில் ஏற்கெனவே அடிபட்டுக் கன்றிய நீலத் தடம் இருப்பது எனக்குத் தெரியும். வீட்டில் கதவு நிலையில் இடித்துக்கொண்டது. ஒரு முறை அல்ல.

பத்து மணிக்கு வழி தவறிவிட்டது தெரிந்தது. அம்பையே காணோம். நான் கேட்டேன். "இருபது வருஷமா ரோட்டுல இருக்கிறவனுக்கு வழி சொல்லாத" என்றார். அரை மணி நேரம் போன பிறகு பாதை ஒரு பள்ளத்தில் முடிந்தது. திரும்பினோம். திரும்பி வந்தால், அம்பு இருந்தது. பெரிய அம்பு. பாறை முழுக்க மஞ்சள். எங்கள் பாதையிலிருந்து இரண்டடி தூரத்தில், போகும்போது இடது கைப் பக்கம். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்ததால் பார்க்கவில்லை. அவர் முன்னால் போனவர். இடித்துக்கொள்ளாத குறையாகத் தாண்டிப் போயிருக்கிறார்.

"புதுசா இப்பத்தான் போட்டிருப்பாங்க" என்றார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு அந்த முகடு. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. எழுதுகிறேன். உச்சிக்கு முன்னால் நூறடி தூரம், ஒரு ஆள் அகலத்துக்குத்தான் பாதை. வலது பக்கம் பாறைச் சுவர், அதில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி. இடது பக்கம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால், கீழே நாங்கள் வந்த ஸ்டேஷன் தீப்பெட்டி அளவில்.

எல்லாரும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நண்டு மாதிரி நகர்ந்தார்கள். இவர் நிமிர்ந்து நடந்தார். விளிம்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கடைத்தெருவில் நடப்பது போல. எதிரில் வந்த ஒருவர், "சார் சர்க்கஸ்ல வேலையா" என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. என்னிடம் வீரம் காட்டுகிறார் என்று நினைத்தேன். அப்போது அவருடைய இடது கால் விளிம்புக்கு வெளியே போனது, அக்கா. பாதம் பாதி வெளியே. சரளைக்கல் உருண்டு விழுந்தது. அவர் குனிந்து பார்க்கவே இல்லை. கல் விழும் சத்தத்துக்குத்தான் நின்றார்.

பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துச் சங்கிலியில் கொண்டுபோய் வைத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பயமா இருக்கா? பரவால்ல, என் சட்டையப் பிடிச்சுக்கிட்டே வா."

பிடித்துக்கொண்டே போனேன்.

உச்சியில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றோம். வெயில், காற்று, சுற்றிலும் மலைகள். அழகாகத்தான் இருந்தது. எனக்கு எதுவும் ஏறவில்லை. உரித்த சுளையை நீட்டினேன். நான் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இடது பக்கம்தான் என் இடம். "என் வண்டியில ஆள் ஏறுற பக்கம் அதுதான், நீயும் அங்கயே ஏறிக்கோ" என்று முதல் வாரத்தில் சொன்னார். அது அப்படியே பழக்கமாகிவிட்டது. சுளை என் கையில் இருந்தது. அவர் மலையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லையா, முழுசும் உனக்குத்தானா" என்று கேட்டார்.

அதைக் கேட்ட நேரத்தில் எனக்கு எதுவும் புரியவில்லை. ஏதோ ஒன்று இடம் மாறியது மட்டும் தெரிந்தது. வீட்டுக்குள் யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம் போல.

ஐந்து பத்து வண்டியை ஐந்து ஒன்பதுக்குப் பிடித்தோம். ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைக் காட்டிக் கும்பிட்டார்.

ரயிலில் அவர் கண்ணை மூடியதும் அட்டையை எடுத்தேன்.

அக்கா, எங்கள் கடையில் ஒரு பழக்கம். எதைக் குறித்தாலும் பக்கத்தில் 'வ' அல்லது 'இ' போட்டுவிடுவோம். வலது கண், இடது கண். ஆயிரக்கணக்கான சீட்டில் எழுதி எழுதிக் கை தானாகப் போடும். பால் கணக்கில்கூட ஒரு முறை போட்டிருக்கிறேன். இந்த அட்டையிலும் போட்டிருக்கிறேன். நான் எந்தப் பக்கம் நின்று கை நீட்டினேன் என்று. யோசித்துப் போடவில்லை. அதை நேற்று நான் படிக்கவும் இல்லை. சரி எத்தனை, தவறு எத்தனை என்றுதான் எண்ணினேன்.

பிடித்த ஐந்தும் 'வ'.
பிடிக்காத ஒன்பதில் எட்டு 'இ'.

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி எண்ணினேன். அதேதான்.

கதவருகே புடவையோடு நின்றது இடது பக்கம். டம்ளர், இடது பக்கம். பஸ் நிறுத்தம், இடது பக்கம். உடைந்த கண்ணாடிகள், தோள், அம்பு, விளிம்பு, சுளை.

அவரை எழுப்பினேன். ஒரு விளையாட்டு என்று சொன்னேன். "டெஸ்ட் மேடத்துக்கு ஞாயித்துக்கிழமையும் டூட்டியா" என்றார். எதிரில் உட்கார்ந்து என் மூக்கையே பார்க்கச் சொன்னேன். கண்ணைத் திருப்பக் கூடாது, ஓரத்தில் விரல் தெரிந்ததும் எத்தனை என்று சொல்ல வேண்டும். அவருக்கு வலது பக்கம் இரண்டு விரல் காட்டினேன். "ரெண்டு." மூன்று காட்டினேன். "மூணு. என்ன, எல்.கே.ஜி.யா?" அவருக்கு இடது பக்கம் இரண்டு விரலைத் தூக்கினேன். என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் ஒரு சின்ன ஸ்டேஷனைத் தாண்டியது. விரல் அப்படியே இருந்தது. அவர் பொறுமையாக, சிரித்த முகமாக, "ம், தூக்கு. எவ்வளவு நேரம் உன் மூக்கையே பாக்கறது" என்றார்.

ஐந்து விரலையும் விரித்தேன். ஆட்டினேன்.

"கை வலிக்குதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். மடியில் வைத்துக்கொண்டேன். விளையாட்டு முடிந்தது, எல்லாம் சரி என்றேன். அவர் மறுபடி தூங்குகிறார்.

இப்போது என் நிலைமையைக் கேள். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவர் என்னை ஒதுக்கவில்லை, என்னைப் பார்க்கவே இல்லை. எட்டு மாதம் நான் அழுத அழுகைக்கு இப்படி ஒரு பதில் இருக்கும் என்று யார் நினைத்தது? ஒரு நிமிடம், சரியாக ஒரு நிமிடம், கல்யாணப்பெண் மாதிரி இருந்தேன். பிறகுதான் எதற்குச் சந்தோஷப்படுகிறேன் என்பது உறைத்தது. புருஷனுக்குப் பாதி உலகம் இல்லை என்பதற்கு.

அவருக்குத் தெரியுமா? தெரியாது என்றே நினைக்கிறேன். இல்லாதது இல்லை என்று தெரிய, அது முன்பு இருந்தது ஞாபகம் இருக்க வேண்டும். மெல்ல மெல்லப் போயிருந்தால் எப்படி ஞாபகம் இருக்கும். ஆனால் தெரிந்து மறைக்கிறார் என்றால்? அந்த மரக்கிளைக் கதை? எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் முடித்துவிடலாம் என்று பார்த்தேன்.

வருடா வருடம் டிரைவர்களுக்குக் கண் சான்றிதழ் வேண்டும். டிப்போ எங்கள் கடைக்குத்தான் அனுப்பும். நான் பரிசோதித்துப் படிவம் நிரப்புவேன், டாக்டர் கையெழுத்துப் போடுவார். இவருக்கு நான்கு மாதத்துக்கு முன் போட்டது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்தார். கீழே அச்சகத்தின் பெயரையும் படித்துக் காட்டினார், அதிகப்பிரசங்கி. படிவத்தில் அடுத்த கட்டம் 'பக்கப் பார்வை'. விரல் காட்டிச் செய்ய வேண்டியது. இரண்டு நிமிடம் ஆகாது. அன்று வரிசையில் பதினொரு பேர் நின்றார்கள். வீட்டுக்காரர்தானே, வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். 'சரி' என்று எழுதிவிட்டேன்.

வீட்டில் பார்க்கவில்லை.

அந்தப் படிவத்தோடுதான் நான்கு மாதமாக பஸ் ஓட்டுகிறார். ஆள் ஏறுகிற பக்கம் தெரியாமல். நாளைக் காலை ஐந்து நாற்பதுக்கு அவருக்கு ஷிப்ட்.

இந்த வண்டி நேரே எங்கள் ஊருக்குத்தான் போகிறது, சேர இன்னும் நாற்பது நிமிடம். அதற்குள் வார்த்தை கிடைக்க வேண்டும். கடையில் மற்றவர்களுக்கு எவ்வளவு சுலபமாகச் சொல்கிறேன். "டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும் சார், பயப்பட ஒண்ணுமில்ல." அதே வாக்கியம்தான். வாயில் வைத்துப் பார்க்கிறேன். உப்புக்கல் மாதிரி இருக்கிறது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. ஒன்பதில் எட்டுதான் 'இ'. மீதி ஒன்று 'வ'. பாலத்தில். அது கண் இல்லை. பார்த்தார், கையைப் பாக்கெட்டில் போட்டார். எல்லாவற்றுக்கும் விடை கிடைத்த பிறகு இந்த ஒன்று மட்டும் வெளியே நிற்கிறது. அதை எங்கே வைப்பது, அக்கா?

அவர் விழிக்கிறார். நான் வலது பக்கம் மாறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏன், அந்தப் பக்கம் வெயிலா" என்று கேட்கிறார்.

எனக்குத் தைரியம் வரட்டும் என்று நினைத்துக்கொள்.

தங்கை


திங்கட்கிழமை, காலை பத்தரை
கடையின் காத்திருப்பு பெஞ்சு

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று நாளில் மூன்று கடிதம். ஹாஸ்டல் பெண்கள் உன்னைக் கேலி செய்யப்போகிறார்கள்.

இந்தப் பக்கத்து பெஞ்சில் நான் உட்கார்ந்ததே இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம்தான் என் இடம். இங்கிருந்து பார்த்தால் எழுத்துப் பலகை தலைகீழாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நேராகத்தான் தெரிகிறது.

ரயிலில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் சீருடையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு முன்னாலேயே போட்டு வைத்துவிடுவார். காலர் முடிந்து வலது கைக்கு வந்தபோது சொன்னேன். அந்த உப்புக்கல் வாக்கியம் எல்லாம் வரவில்லை. "உங்களுக்கு இடது பக்கம் தெரியலைங்க" என்றேன்.

சிரித்தார். கடைசி வரி படித்தேனே, நீதானே சபாஷ் சொன்னாய் என்றார். நேராகத் தெரிவது வேறு, பக்கத்தில் தெரிவது வேறு என்றேன். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தார். இடது கையைப் பக்கவாட்டில் முழுக்க நீட்டினார். நேராகச் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் அவர் கண் விரிந்தது.

மறுபடி நீட்டினார். மறுபடி கொண்டுவந்தார். மூன்று முறை.

"என் கை இவ்வளவு நேரம் எங்க போயிருந்துச்சு?" என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

பிறகு இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். ஒரு கை மடிப்போடும் ஒரு கை கசங்கியும் இருந்த சட்டையை அப்படியே மடித்து வைத்தார். டிப்போவுக்குப் போன் செய்து, நாளைக்கு வரவில்லை, கண் டாக்டரிடம் போகிறேன் என்றார். அந்தப் பக்கம் யாரோ தமாஷ் செய்திருக்க வேண்டும். "ஆமாப்பா, பொண்டாட்டிதான் கூட்டிட்டுப் போறா" என்றார். போனை வைத்தார். வைத்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்தார். கேட்டால், நிறுத்தங்களின் பெயர். அவர் தடத்தில் இருபத்தாறு நிறுத்தம். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் இடது பக்கம் நிற்கிற ஆட்களை நினைத்துப் பார்க்கிறார் என்று புரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அக்கா. இரண்டு கண்ணாடி உடைந்ததோடு சரி. எப்படித் தப்பினோம் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

படிவத்தில் நான் எழுதிய 'சரி' பற்றியும் சொன்னேன். "அதை இன்னொரு நாள் பேசலாம்" என்றார். அந்த இன்னொரு நாள் எப்போது வரும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இன்று காலை டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல்ல அவரை உட்கார வைம்மா. நம்ம விஷயம் அப்புறம்" என்றார். அப்புறம் என்ன ஆகும் என்று தெரியாது. இந்த வேலை இருக்குமா என்று தெரியாது. அவருடைய வேலை இருக்காது என்பது தெரியும்.

பாலத்தைப் பற்றியும் கேட்டேன். இவ்வளவுக்கும் நடுவில் அதைக் கேட்டேன் என்றால் நான் எப்படிப்பட்டவள் பார். வலது பக்கம்தானே நீட்டினேன், அது தெரிந்ததுதானே என்றேன்.

தெரிந்தது என்றார். அன்று காலை அறைச் சாவி தேடி என் கைப்பையைத் திறந்திருக்கிறார். அட்டையைப் பார்த்திருக்கிறார். மணிக்கூண்டு, அருங்காட்சியகம், படி என்று இடம் எழுதி, பக்கத்தில் தவறு, தவறு, சரி, தவறு. "எனக்கு மார்க் போடுறியேன்னு கோபம். மார்க் போடுற வாத்தியாருக்குக் கை ஒரு கேடான்னு பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "நான் பிடிக்காம விட்ட மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார்.

ஆக அந்த ஒன்று மட்டும்தான் எங்கள் சண்டை. பார்த்து, கோபப்பட்டு, வேண்டுமென்றே பிடிக்காமல் விட்ட கை. மற்ற எட்டையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. இது என்ன புத்தி என்று நீதான் சொல்ல வேண்டும்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணுக்குள்ளே குறை எதுவும் தெரியவில்லை என்றார். இவர், "பாத்தியா" என்று என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எனக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும். கண்ணில் இல்லை என்றால் கண்ணுக்குப் பின்னால். அங்கே எங்கள் கடையின் எந்த விளக்கும் எட்டாது. நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக எழுதித் தருகிறாராம். தலையைப் படம் எடுக்க வேண்டும். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நானா, டாக்டரா, யார் சொல்வது என்று பேசிக்கொள்ளவில்லை.

இப்போது இருட்டறையில் இருக்கிறார். அங்கே ஒரு மெஷின் உண்டு. அரைக்கோளத்துக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு சின்ன வெளிச்சம் தோன்றும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சம் வரும்போது மெஷின் 'டக்' என்னும். அழுத்தினால் 'பீப்' என்னும். கதவு மெலிது. பல வருடங்களாக இந்தச் சத்தத்தை மின்விசிறிச் சத்தம் மாதிரிக் கேட்டிருக்கிறேன்.

டக், பீப். டக், பீப். டக்.

டக்.

டக்.

எண்ணக் கூடாது என்று உனக்கு எழுதுகிறேன்.

வரும்போது தெருவில் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நான் முன்னும் பின்னும் தடுமாறினேன். வலது பக்கம் போனால் என்னைப் பார்ப்பார். இடது பக்கம் போனால் எதுவும் வந்து மோதாது. அவர் நின்று, "எங்கயாவது ஒரு பக்கம் ஏறு, வண்டி கிளம்பணும்" என்றார். இடது பக்கம் போனேன். இந்த முறை கை நீட்டவில்லை. நேராக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். திடுக்கிட்டார். பிறகு விடவில்லை.

என் முதல் கடிதம் இன்றோ நாளையோ உனக்கு வரும். கட்டில் போடச் சொல்லியிருப்பேன். நீ உடனே போட்டிருப்பாய், எனக்குத் தெரியும். எடுத்துவிடாதே, அக்கா. செவ்வாய்க்கிழமை நான் வரமாட்டேன். எப்போது என்று தெரியாது. வந்தால் இருவராக வருவோம். வார்டன் குவார்ட்டர்ஸில் ஆண்கள் தங்கலாமா என்று உன் விதிப் புத்தகத்தைப் பார், இல்லையென்றால் விதியை மாற்று.

இன்னொரு கட்டில் போடு. அதைச் சுவரோரமாகப் போடு. அவர் படுத்தால் இடது கைப் பக்கம் சுவர் வரவேண்டும். தலை எந்தப் பக்கம் வைப்பார் என்று யோசித்துப் போடு. அந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு எதுவும் வரக் கூடாது.

உன்,
தங்கை